மூன்றாவது குழாய்

இன்று காலை காருக்குப் பெட்ரோல் போடவில்லை.
அது நேற்றே ஆயிற்று.
வாசனைச் சோப்பு இல்லை, கைக்குக் களிம்பு இல்லை.
தண்ணீர் எடுக்கப் போகிற நாளில்
என்மேல் எதுவும் மணக்கக் கூடாது.

கைவோமாக்கி. கிணற்றுமேடு என்று அர்த்தம்.
பனியாறு உருகி ஓடியபோது
போட்டுவிட்டுப் போன மணல் முதுகு.
அதன் உச்சியில் சாலை,
சாலையோரம் பெட்ரோல் பங்க்,
அடியில் பின்லாந்தின் இந்த மூலை முழுக்கக் குடிக்கிற தண்ணீர்.
மேடான, சேறில்லாத இடமாகப் பார்த்துத்தானே
எவனும் ரோடு போடுவான்.

பம்புகளைக் கழற்றிப் பன்னிரண்டு வருஷம்.
விலைப்பலகையில் ஒரு ஏழு மட்டும் மிச்சம்.
ஓஸ்மோ ஃப்ளாஸ்க்கோடு வந்து நிற்கிறார்.
"ஒரு சொட்டு சிந்தினதில்லை."
நான் ஒன்றும் கேட்கவில்லை.
காபி வாங்கிக்கொண்டேன். மூன்று நாளாய் அதே காபி.

கௌகோ துளைகருவியை இறக்குகிறான்.
முதல் மீட்டர் சாலைச் சரளை.
இரண்டாவது மஞ்சள் மணல், மூன்றாவதும் மஞ்சள்,
நடுவே அறுபட்ட பைன் வேர்.
நான்கில் மணல்
புறாக்கழுத்து நிறத்துக்குத் திரும்புகிறது.
பையில் அள்ளி, வாயைச் சுருட்டி,
மீட்டரின் மூக்கை நுழைத்தேன்.
எண் ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது.
கௌகோ உதட்டிலிருந்த சிகரெட்டை
பற்றவைக்காமலே பெட்டிக்குள் திருப்பி வைத்தான்.

மதியம் ஓஸ்மோ நோட்டுக்கட்டு கொண்டுவந்தார்.
தினம் காலை ஆறுக்குத் தொட்டிக்குள் குச்சி விட்டு
அளந்து எழுதிய கணக்கு.
சாய்ந்த, அழகான கையெழுத்து.
எண்பத்தொன்பது மே மாதத்திலிருந்து
வாரத்துக்குப் பதினோரு லிட்டர் குறைகிறது.
ஓரத்தில் ஒவ்வொரு வாரமும் ஒரே சொல்:
ஆவி.
ஆவி.
கடைசி நோட்டின் பின்னட்டையில்
பென்சிலால் ஒரு கூட்டல். அழித்திருந்தது.
காகிதம் மட்டும் பள்ளம் விழுந்து கிடந்தது.

நீர் போகும் திசை தெரிய
இரண்டு குழாய் போதாது.
இரண்டு புள்ளிக்கு நடுவே கோடு உண்டு, சரிவு கிடையாது.
நகராட்சி வரைபடம் கிழக்கே ஏரி என்றது,
நானும் அப்படித்தான் அறிக்கையின் முதல் வரியை
மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன்.
மூன்றாவது குழாயில் நாடாவை இறக்கினேன்.
தண்ணீர் தொட்டதும் பீப் என்றது.
குழாய் வாயின் உயரத்தைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால்
பதினான்கு சென்டிமீட்டர் தாழ்வு.
மேற்கே.

மறுபடி இறக்கினேன். மறுபடியும் அதே.

மேற்கே என்ன இருக்கிறது?
வேலி, கொஞ்சம் காட்டுப்பழப் புதர்,
ஓஸ்மோவின் சிவப்புச் சவுனா,
அதன் பக்கத்தில் இரும்புக் கைப்பம்பு.

"காபிக்குத் தண்ணீர் எங்கிருந்து?"
அவர் திரும்பிக் கை காட்ட ஆரம்பித்தார்.
கை பாதியில் நின்றுவிட்டது.

கசப்பு காபியுடையது என்று இருந்தேன்.

"சவுனாவில் கொஞ்ச நாளாய்ப் பெயிண்ட் வாடை" என்றார்.
"பலகையில் பைன் பிசின் என்பாள் இர்யா.
பலகையையே மாற்றினேன்."

சுட்ட கல்லில் நீர் ஊற்ற எழும் ஆவிக்கு
எங்களிடம் தனிச்சொல் உண்டு: லோய்லு.
முன்னொரு காலத்தில் உயிருக்கும் அதே சொல்தான்.
நோட்டில் எழுதி அனுப்பியதெல்லாம்
சனிக்கிழமை தோறும் அவர் மடியில் வந்து
உட்கார்ந்திருக்கிறது.
இதை நான் சொல்லவில்லை.
அறிக்கையில் இதற்கு இடமும் இல்லை.

"உங்கள் பம்பிலும் எடுக்கணும்."
"எடு."

அவரே அடித்தார். நான் குப்பியைச் சாய்த்துப் பிடித்தேன்.
விளிம்புக்கு மேல் நீர் சற்றே உப்பி நிற்க மூடி,
தலைகீழாக்கி, விரலால் தட்டி,
வெளிச்சத்தில் பார்த்தேன். குமிழி இல்லை.
நேரம் 15.40. ஒப்பம்.

ஓஸ்மோ ஃப்ளாஸ்க்கைத் திறந்தார்.
மீதிக் காபியைக் கீழே கவிழ்க்கப் போனவர்
மண்ணைப் பார்த்தார்.
பிறகு மூடியை
இறுக்கத் திருகினார்.